இல்லாத தட்டுக்களும் தேயிலையின் செந்நிறமும்

தேயிலைச் சாயத்தின் செந்நிறத்திற்குக் காரணமான பொருள்கள் இருவகையின என்பர் இரசாயனவியலார். ஒன்று தியாபிளேவின், மற்றையது தியாரூபிஜின். கறுப்புத் தேயிலையின் உலர் நிறையில் தியாபிளேவின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கேயாகும். தியாரூபிஜினோ அதனிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதியானது. ஆயினும், சிறுபான்மையாகிய தியாபிளேவினின் மூலக்கூற்றமைப்பு 1960களின் நடுப்பகுதியிலேயே தெளிவாகிவிட, பெரும்பான்மையாகிய தியாரூபிஜின் யாது என்பதில் அதன் பின்னரும் பல பதிற்றாண்டுகளுக்கு ஒருமித்த கருத்து உருவாகவில்லை. இதன் காரணத்தை ஒரு வரியில் கூறிவிடலாம். பொருள்களைப் பிரித்துக் காட்டும் குழாயில் முன்னையது கூரிய முனையாக வெளிப்பட்டது. பின்னையது பரந்த மேடாக வெளிப்பட்டது. அம்மேடு குழாயின் குறையா, அன்றிப் பொருளின் இயல்பா என்பதே வினா.

இவ்வினாவை எழுப்புவதற்கே ஓர் அளவுகோல் வேண்டும். குழாய் தன் பங்கிற்கு எவ்வளவு பரப்பைத் தோற்றுவிக்கும் என்பதை முன்னரே அறிந்தால் அன்றோ, எஞ்சியது பொருளின் பங்கு எனக் கொள்ள முடியும்? அவ்வளவுகோலுக்குத் தட்டுயரம் என்று பெயர். இரசாயன மாணவர் இதனை ஒரு சமன்பாடாகக் கற்று, பரீட்சையில் எழுதிவிட்டு அப்பாற் செல்வர். சமன்பாட்டிற்கும் வரலாறு உண்டு. தட்டுயரத்தின் வரலாற்றிலே சாராயமும் ஆட்டுமயிரும் கனிய எண்ணெயும் இடம்பெறுகின்றன. இறுதியில், பேராதனை வளாகத்தின் தலைமாட்டில் நிற்கும் ஹந்தானை மலையிலே பயிராகும் தேயிலையும் வந்து சேர்கின்றது. கலைப்பீடத்து மாணவர் ஒருவர் இதனைக் கையிலெடுப்பதற்கு இதனினும் வேறு நியாயம் தேவையில்லை என எண்ணுகிறேன்.

நிறப்பகுப்பு எனத் தமிழில் வழங்கும் குரோமற்றோகிராபி முறையைத் தோற்றுவித்தவர் மிக்கைல் சுவெற் என்னும் ருஷ்யத் தாவரவியலாளர் (1872–1919). இத்தாலியத் தாய்க்கும் ருஷ்யத் தந்தைக்கும் பிறந்த இவர், வார்சோ நகரிற் பணியாற்றிய காலத்தில், 1903ஆம் ஆண்டு தம் முறையை முதன்முதலாக ஓர் அவையில் விளக்கினார். 1906இல் அது ஜேர்மன் மொழியில் அச்சேறியது. கல்சியங் காபனேற்றுத் தூளை இறுக நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேற்புறத்தில் இலைச்சாற்றை ஊற்றி, அதன்மேற் கரைப்பானைத் தொடர்ந்து வார்த்தபோது, பச்சையும் மஞ்சளுமாகிய நிறங்கள் வெவ்வேறு பட்டைகளாகப் பிரிந்து இறங்கின. தூளைப் பற்றி நிற்கும் இயல்பு மிக்க பொருள் பின்தங்கும். குறைந்த பொருள் முந்தும். இத்துணை எளிய கருத்து கால் நூற்றாண்டுக் காலம் போற்றுவாரற்றுக் கிடந்தது. 1931இல் ஹைடில்பேர்க் நகரில் கூன் முதலியோர் கரட்டினொயிட்டுக்களைப் பிரிப்பதற்கு அதனை மீண்டும் கையாண்ட பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. சுவெற் அப்போது இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ருஷ்ய மொழியில் அவருடைய பெயருக்கு நிறம் என்பது பொருள் என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சுட்டலாம்.

சுவெற்றின் குழாயில் தட்டு எதுவுமில்லை. தூளும் கரைப்பானுமே உண்டு. அவ்வாறாயின் தட்டு எங்கிருந்து வந்தது? அது வடிசாலையிலிருந்து வந்தது.

கள்ளைப் பானையிலிட்டுக் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்தால், மதுசாரம் சற்று மிகுந்த நீர் கிடைக்கும். அதனை மறுபடியும் காய்ச்சினால் மேலும் வீரியமுடையது கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அடுப்பு, விறகு, நேரம். 1830இல் ஈனியஸ் கொபி என்பார் இப்பல முறைக் காய்ச்சலை ஒரே கோபுரத்துள் அடக்கும் வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். (அயர்லாந்தில் மதுவரி அதிகாரியாக இருந்து, பின்னர் வடிப்பாளராக மாறியவர் இவர், இவ்விரு தொழில்களுக்குமிடையே உள்ள தூரம் எக்காலத்தும் பெரிதாக இருந்ததில்லை போலும்.) கோபுரத்தினுள்ளே துளையிட்ட தட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். ஆவி கீழிருந்து மேலேறும். திரவம் மேலிருந்து கீழிறங்கும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்தித்துத் தம்முட் சமநிலையை நாடும். அதாவது, ஒவ்வொரு தட்டும் ஒரு காய்ச்சிவடிப்புக்குச் சமம். இலங்கையிலே தென்னங்கள்ளிலிருந்து சாராயம் வடிக்குமிடங்களில் இன்றும் இத்தகைய கோபுரங்கள் பயன்பாட்டிலுள்ளன. தட்டு என்பது ஆங்கு உலோகம்; கையாற் தொடத்தக்கது; எண்ணத்தக்கது.

பின்னர்த் தட்டுக்களுக்குப் பதிலாக வளையங்களையும் கற்றுண்டுகளையும் இட்டு நிரப்பிய கோபுரங்கள் தோன்றின. இவற்றில் எண்ணுவதற்கு ஏதுமில்லை. எனவே இவற்றின் திறனைத் தட்டுக் கோபுரங்களின் திறனோடு ஒப்பிடுவது எங்ஙனம்? 1922இல் பீற்றேர்ஸ் என்னும் அமெரிக்க எந்திரவியலாளர் ஒரு வழி கண்டார். முழுமையான சமநிலை எய்தும் ஒரு கற்பனைத் தட்டின் வேலையைச் செய்வதற்கு, நிரப்பப்பட்ட கோபுரத்தில் எவ்வளவு உயரம் வேண்டும் என அளந்தார். ஓர் அறிமுறைத் தட்டுக்குச் சமமான உயரம் என அது வழங்கலாயிற்று. உயரம் குறையக் குறையக் கோபுரம் சிறந்தது எனலாம். தட்டு தன் உலோக உடலை இழந்து கருத்துருவாக மாறியது இவ்விடத்திலேயே. சொல் நின்றது, பொருள் போயிற்று. மொழி வரலாறு பயில்வோர் இத்தகைய மாற்றங்களை நன்கறிவர்.

வடிகோபுரத்திலிருந்து நிறப்பகுப்புக் குழாய்க்குத் தட்டைத் தூக்கிச் சென்றவர் ஆர்ச்சர் மாட்டின். பள்ளிப் பருவத்திலேயே வெறுமையான கோப்பித் தகரங்களை ஒன்றோடொன்று பற்றாசிட்டு இணைத்து, கற்கரி நிரப்பி, வீட்டில் வடிகோபுரம் செய்து பார்த்தவர் அவர். இளமையிற் பற்றிய பித்து முதுமை வரை விடவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் அவரும் றிச்சட் சிஞ்சும் பணியாற்றினர். ஆட்டுமயிரின் புரதத்திலே எந்தெந்த அமினோ அமிலங்கள் எவ்வெவ்வளவு உள்ளன என்பது அவர்கள் முன்னிருந்த வினா. தூய அறிவு வேட்கையன்று, கம்பளி வணிகமே அவ்வினாவிற்குச் சம்பளம் கொடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது. அசாமிலே தொக்லாய் ஆராய்ச்சி நிலையம் 1911இலும், நம் நாட்டிலே தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இலும் தோன்றியமைக்கும் இதுவே அடிப்படை. விற்பனைக்கு வரும் பண்டமே பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் பண்டமாகிறது.

அமினோ அமிலங்கள் நீரிலும் குளோரோபோமிலும் வெவ்வேறு விகிதங்களிற் கரைவன. எனவே இரு திரவங்களையும் எதிரெதிரே ஓடவிட்டால் அவற்றைப் பிரிக்கலாம் என முதலில் முயன்றனர், எந்திரம் சிக்கலாயிற்று. இரண்டும் ஓட வேண்டியதில்லை, ஒன்று நிற்க மற்றது ஓடினால் போதும் என்பது மாட்டினுக்குப் பின்னரே தோன்றியது. நீரைச் சிலிக்கா ஜெல் தூளிலே பற்றவைத்துக் குழாயில் நிரப்பி, குளோரோபோமை அதனூடு ஓடவிட்டனர். அமிலம் செல்லுமிடம் கண்ணுக்குப் புலப்படும் பொருட்டு மெதைல் செம்மஞ்சளைச் சேர்த்தனர். செந்நிறப் பட்டைகள் மெல்ல இறங்கின. 1941இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் சிறப்பு இப்பரிசோதனையோடு முடிந்துவிடவில்லை. குழாயைப் பல மெல்லிய படைகளாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு படையிலிருந்தும் வெளியேறும் கரைசல் அப்படையில் நிற்கும் திரவத்தோடு சமநிலையில் உள்ளது எனக் கொண்டனர். அப்படையே தட்டு, அதன் தடிப்பே தட்டுயரம். இதிலிருந்து பட்டையின் வடிவத்தையும் அகலத்தையும் கணித்தனர். கரைப்பான் திரவமாக இருக்க வேண்டியதில்லை, ஆவியாகவும் இருக்கலாம் என்றும், மிக நுண்ணிய துகள்களையும் பெரிய அமுக்கத்தையும் கையாண்டால் தட்டுயரம் மிகக் குறையும் என்றும் அதே கட்டுரையில் முன்னுரைத்தனர். முதலாவதை மாட்டின் தாமே, ஜேம்ஸ் என்பாருடன் சேர்ந்து, 1952இல் நிறைவேற்றினார். இரண்டாவது 1960களின் பிற்பகுதி வரை காத்திருந்தது. 1952இலேயே மாட்டினுக்கும் சிஞ்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நமது பல்கலைக்கழகம் கொழும்பை விட்டுப் பேராதனைக்குப் பெயர்ந்த ஆண்டும் அதுவே. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

இனிப் பட்டை ஏன் அகல்கிறது என்பதைக் காண்போம். இதற்கு இரசாயனக் கூடத்தைவிடத் தேயிலைத் தோட்டம் நல்ல எடுத்துக்காட்டாகும். மலைச்சரிவிலே கொழுந்து பறித்த பெண்கள் ஐம்பது பேர், ஒரே நேரத்திற் புறப்பட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கி இறங்குகின்றனர் எனக் கொள்வோம். புறப்படும்போது ஒரே திரளாக நின்றவர்கள் மடுவத்தை அடையும்போது நீண்ட வரிசையாகிவிடுவர். ஏனெனில், முதலாவதாக, செடி நிரைகளுக்கிடையே வழிகள் பல. ஒருத்தி நேர்வழியிலும் மற்றொருத்தி வளைந்த வழியிலும் வருவாள். இரண்டாவதாக, பயணம் நெடுநேரம் எடுக்குமாயின், எவரும் வேண்டாமலே திரள் முன்னும் பின்னுமாகச் சிதறும். மூன்றாவதாக, சிலர் பீலியடியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வருவர். அவர்கள் நிற்கும்வேளை திரள் முன்னே சென்றுவிடும். திரள் எவ்வளவு விரைந்து செல்கின்றதோ அவ்வளவுக்கு நின்றவர் பின்தங்குவர். ஆகவே மெல்லச் சென்றால் இரண்டாவது காரணம் பெருகும். விரைந்து சென்றால் மூன்றாவது காரணம் பெருகும். இடையில் ஒரு வேகம் உண்டு. அவ்வேகத்திலேதான் வரிசை மிகக் குறுகியதாயிருக்கும்.

குழாயினுள் மூலக்கூறுகளுக்கு நேர்வதும் இதுவே. துகள்களுக்கிடையிலான பலவழிப் போக்கு, நெடுக்குவாட்டான பரவல், நிற்கும் படைக்கும் ஓடும் படைக்கும் இடையே மாறுவதில் ஏற்படும் தாமதம் ஆகிய மூன்றையும் கூட்டினால் தட்டுயரம் கிடைக்கும். முதலாவது வேகத்தைச் சாராதது, இரண்டாவது வேகத்துக்கு நேர்மாறு விகிதமானது, மூன்றாவது நேர்விகிதமானது. 1956இல் இதனைச் சமன்பாடாக அமைத்தவர்கள் வான் டீம்ற்றர், சூடர்வெக், கிளிங்கன்பேர்க் என்னும் மூவர். அவர்கள் அம்ஸ்ரடாம் நகரில் ஷெல் எண்ணெய்க் கம்பனியின் ஆய்வுகூடத்தினர். கம்பளிக்குப் பின் கனிய எண்ணெய். சாராயக் கோபுரத்தில் தோன்றிய தட்டு, எண்ணெய் வடிக்கும் கோபுரங்களைக் கட்டிப் பழகியவர்களின் கையிலேயே தன் காரணங்களைப் பெற்றது வியப்பன்று. ஓரிரண்டு ஆண்டுகளில் மாசல் கோலே என்பார், துகள் எதுவுமின்றி உட்சுவரில் மட்டும் திரவம் பூசிய மயிர்த்துளைக் குழாயை முன்வைத்தார். பலவழிப் போக்கு அங்கே முற்றாக நீங்கியது.

அறிமுறையாளர் சிலருக்குத் தட்டு என்னும் சொல்லே உறுத்தலாயிற்று. அமெரிக்கரான கிடிங்ஸ், மூலக்கூறு ஒவ்வொன்றும் நிற்பதும் நடப்பதுமாகத் தற்செயலாகச் செல்லும் நடையாகவே இதனை விளக்க வேண்டும் என்றார். 1965இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையில் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. குழாயில் எவ்விடத்தும் முழுச் சமநிலை ஏற்படுவதில்லை, ஆதலால் தட்டுமில்லை. இது சரியே. ஆயினும் சொல் நீங்கவில்லை. குழாயின் நீளத்தைத் தட்டுக்களின் தொகையாற் பிரித்தால் தட்டுயரம். தட்டுக்களின் தொகையை அறிய, பொருள் வெளிவர எடுத்த நேரத்தை அதன் பட்டையின் நியம விலகலாற் பிரித்து வர்க்கிக்க வேண்டும். 25 சென்ரிமீற்றர்க் குழாயொன்று 10,000 தட்டுக்கள் உடையதாயின், தட்டுயரம் ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு. கையாற் தொட முடியாத தட்டுக்கு இத்துணை நுட்பமான உயரம்! கருத்தளவிற் பொய்யாயினும் கணக்களவில் மெய்யான இத்தகைய சொற்கள் அறிவியலுக்கு மட்டும் உரியனவல்ல. நாம் வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரிப்பதும் ஏறக்குறைய இதனையொத்ததே.

இக்கணக்கில் ஒரு கசப்பான விதி உண்டு. குழாயின் நீளத்தை இரட்டித்தால் இரு பட்டைகளுக்கிடையிலுள்ள தூரமும் இரட்டிக்கும்; ஆனால் பட்டைகளின் அகலமும் 1.41 மடங்காகும். எனவே ஈட்டம் முழுமையாகக் கைக்கு வராது. பிரிவை இரட்டிப்பாக்க நீளத்தை நான்கு மடங்காக்க வேண்டும். இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இனித் தேயிலைக்கு வருவோம். கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில், 1869இல், கோப்பிச் செடியின் துருநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டது. கோப்பி அழியத் தேயிலை எழுந்தது. டெயிலரின் முதல் தொழிற்சாலை அவரது பங்களாவின் வராந்தாவே. மேசைமேல் இலையை மணிக்கட்டு முதல் முழங்கை வரை கொண்டு கையால் உருட்டி, கரியடுப்பின்மீது உலர்த்தினர். உருட்டலுக்கும் உலர்த்தலுக்கும் இடைப்பட்ட வேளையே தேயிலையின் விதியை முடிவு செய்கிறது. தொழிலில் அதனை நொதித்தல் என்பர். உண்மையில் அது நுண்ணங்கிகளின் வேலையன்று. நசுங்கிய இலையின் நொதியமொன்று காற்றின் ஒட்சிசனைக் கொண்டு கற்றெக்கின்கள் என்னும் நிறமற்ற பொருள்களை ஒட்சியேற்றுகிறது. கற்றெக்கின் இரண்டு இணைந்து தியாபிளேவின் ஆகும். நேரம் செல்லத் தியாபிளேவின் ஓர் உச்சத்தை எட்டிப் பின் குறையும். தியாரூபிஜின் ஏறிச் செல்லும். எந்த நிமிடத்தில் இலையை உலர்த்துவது என்பதை மூக்கும் கண்ணுமே நெடுங்காலம் தீர்மானித்தன.

டெயிலரின் பெயர் நமக்குத் தெரியும். அவ்வராந்தாவில் இலையை உருட்டியவர்களின் பெயர்கள் தெரியா. அவர்கள் 'தொழிலாளர்' என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டனர். இவ்வொப்புமையை நான் வலிந்து புகுத்தவில்லை. தேயிலையின் இரசாயனமே அதனைக் கொணர்ந்து முன்வைக்கிறது.

தேயிலைச் சாயத்தை முறையாகப் பிரிக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் தொக்லாயில் பணியாற்றிய றொபேட்ஸ். 1944இல் மாட்டின் குழுவினர் அமைத்த தாள் நிறப்பகுப்பே அவரது கருவி. குழாய்க்குப் பதிலாக வடிதாள். அதன்மீது கரைப்பானை முதலில் ஒரு திசையிலும் பின்னர் அதற்குச் செங்குத்தாக மறுதிசையிலும் ஊரவிடுவர். 1957இல் அவரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட கட்டுரையில், சில பொருள்கள் தெளிந்த மஞ்சட் புள்ளிகளாக அமைந்தன. எக்ஸ், வை என எழுத்துக்களாற் குறிக்கப்பட்ட அவையே பின்னர்த் தியாபிளேவின்கள் எனப் பெயர் பெற்றன. எஞ்சிய கபில நிறப் பொருளோ புள்ளியாகத் திரளாமல் தாளிலே இழுபட்டுக் கிடந்தது. அவ்விழுகலுக்குத் தியாரூபிஜின் எனப் பெயரிட்டனர். ஒரு பொருளுக்கு இடப்பட்ட பெயரன்று அது. பிரியாமற்போனதற்கு இடப்பட்ட பெயர் எனக் கூறுவதே பொருத்தம். ஜப்பானிலே தக்கினோ குழுவினரும் (1964), ஷெபீல்ட் நகரிலே ஒல்லிஸ் குழுவினரும் (1966) தியாபிளேவினின் அமைப்பை ஆராய்ந்து நிறுவினர். புள்ளியாக நின்றதனால் அதனைத் தனியே எடுத்து ஆராய முடிந்தது. 1972இல் ஹில்ற்றனும் எலிசும் மத்திய ஆபிரிக்கத் தேயிலைகளில் தியாபிளேவின் அளவுக்கும் சந்தை விலைக்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். அன்று முதல் தியாபிளேவின் தரத்தின் மறுபெயராயிற்று. அளக்க முடிந்தது தரம் எனப்பட்டது. அளக்க முடியாதது, பத்து மடங்கு மிகுதியாயிருந்தும், எச்சம் எனப்பட்டது.

இலங்கைத் தேயிலைக்கு அவ்வளவுகோல் முற்றும் பொருந்துவதன்று என்பதை நம் நாட்டு ஆய்வாளர் உணர்ந்திருந்தனர். மலைநாட்டுத் தேயிலையின் மதிப்பில் நிறத்தைப் போலவே மணத்துக்கும் பெரும் பங்குண்டு. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விக்கிரமசிங்க, எமிலி விக், யமனிஷி ஆகியோருடன் இணைந்து 1973இல் நிறப்பகுப்புக்குரிய சர்வதேச சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரை, மணமுள்ள இலங்கைத் தேயிலையையும் மணங்குன்றிய தேயிலையையும் வாயு நிறப்பகுப்பாலும் திணிவு நிறமாலையாலும் ஒப்பிட்டது. மணப்பொருள்கள் சிறிய மூலக்கூறுகள், எளிதில் ஆவியாவன, குழாயில் விரைந்து பரிமாறுவன. ஆதலின் அவை கூரிய முனைகளாகவே வந்தன. மணத்தின் கதை இவ்வாறு தெளிந்துகொண்டு செல்ல, நிறத்தின் கதை மேட்டிலேயே நின்றது.

உயர்செயற்றிறன் திரவ நிறப்பகுப்பு, அதாவது நுண்டுகளும் பேரமுக்கமும் என 1941இல் முன்னுரைக்கப்பட்ட முறை, 1970களில் தேயிலைக்கு வந்தது. அதனால் மேடு பிரிந்துவிடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். பிரியவில்லை. 1990ஐ அண்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் சறே, றெடிங் பல்கலைக்கழகங்களிற் செய்யப்பட்ட ஆய்வுகளில், பல கூரிய முனைகள் தெளிவாக எழுந்தன; அவற்றின் அடியிலே குன்றுபோல மேடு கிடந்தது. இவ்விடத்திலேயே தட்டுயரம் தன் பயனைக் காட்டுகிறது. ஒரே குழாய், ஒரே ஓட்டம், ஒரே வேளை. குழாய் செம்மையாக நிரப்பப்படவில்லையெனில் நால்வகைத் தியாபிளேவின்களும் அகன்றிருக்க வேண்டும். அவை அகலவில்லை. எனவே பலவழிப் போக்கைக் குறைகூற முடியாது.

ஆயினும் வழக்கு இத்துடன் தீர்ந்துவிடவில்லை. பீலியடியில் நிற்கும் நேரம் எல்லாருக்கும் ஒன்றன்று. பெரிய மூலக்கூறுகள் மெல்லப் பரவுவன. நிற்கும் படையினுட் புகுந்து மீள நெடுநேரம் எடுப்பன. ஆதலால் தியாரூபிஜின் பெரும் பல்பகுதியங்களாயின், நல்ல குழாயிலும் அவை தாமே அகலலாம். இக்கருத்துக்கு ஆதரவு இருந்தது. அவற்றின் மூலக்கூற்றுத் திணிவு 700 முதல் 40,000 வரை எனப் பலவாறாக மதிப்பிடப்பட்டிருந்தது. ஷெபீல்ட் குழுவினரும் 1969இல் அவற்றைப் பல்பகுதியங்களாகவே விளக்கினர். எதிர்க்கருத்து யாதெனில், மேடு ஒரு பொருளின் அகன்ற பட்டையன்று, எண்ணற்ற சிறு பொருள்களின் கூரிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் குவியல் என்பது. முன்னையது உண்மையாயின் மேட்டின் அகலத்துக்குக் காரணம் இயக்கத்தின் தாமதம். பின்னையது உண்மையாயின் காரணம் கூட்டத்தின் நெருக்கம்.

நெருக்கத்தையும் கணிக்கலாம். ஒரு குழாயில் எத்தனை முனைகள் ஒன்றையொன்று மறைக்காது அருகருகே நிற்க முடியும் என்னும் கணக்கைக் கிடிங்ஸ் 1967இல் வகுத்தார். 10,000 தட்டுக்கள் உடைய குழாயில், இறுதிப் பொருள் முதற்பொருளிலும் பத்து மடங்கு நேரங்கழித்து வெளிவருமாயின், ஏறத்தாழ 60 இடங்களே உண்டு. கரைப்பானின் கலவையைப் படிப்படியாக மாற்றிச் செல்வதால் இதனைச் சில நூறாக உயர்த்தலாம். அதற்கு மேற்பட்ட பொருள்கள் வந்தால் அவற்றுக்கு நிற்க இடமில்லை.

2010இல் ஜேர்மனியின் பிறேமன் நகரிலிருந்து குனேட்டும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கைப் பெருமளவுக்குத் தீர்த்தது. அவர்கள் குழாயின் பிரிவை நம்பியிருக்கவில்லை. மூலக்கூறுகளின் திணிவை மிக நுட்பமாக அளக்கும் நிறமாலைமானியில் தியாரூபிஜின் பகுதியை ஆராய்ந்தனர். 300 முதல் 1000 வரையான திணிவு எல்லைக்குள்ளேயே, சராசரியாக ஒரு தேயிலைக்கு ஏறத்தாழ 5000 பொருள்கள் காணப்பட்டன. மாபெரும் பல்பகுதியங்களல்ல, சிறியனவும் நடுத்தரமானவுமான மூலக்கூறுகள். ஒட்சியேற்றம் ஒரு பொருளை மற்றொன்றாகவும், அதனை வேறொன்றாகவும் படிப்படியாக மாற்றிச் செல்வதன் விளைவே இப்பெருக்கம் என அவர்கள் விளக்கினர். மேடு குழாயின் குறையன்று. ஆயிரக்கணக்கானோர் அறுபது இருக்கைகளுக்கு வந்தமையே அதன் காரணம்.

முன்னர்க் கூறிய கசப்பான விதியை இங்கு எடுத்துக்கொள்ளலாம். தட்டுக்களை மட்டுமே பெருக்கி, அறுபது இடங்களை நூறு மடங்காக்க வேண்டுமாயின், தட்டுக்களைப் பத்தாயிரம் மடங்காக்க வேண்டும். தட்டுயரம் மாறாதிருப்பின், 25 சென்ரிமீற்றர்க் குழாய் இரண்டரைக் கிலோமீற்றர் நீளமாக வேண்டும். அத்தகைய குழாயினூடு திரவத்தைச் செலுத்தும் அமுக்கத்தைத் தாங்கும் கருவி எவரிடமுமில்லை. இடங்கள் ஒழுங்காகப் பங்கிடப்பட்டால் மட்டுமே இக்கணக்கும் பொருந்தும். பொருள்கள் தம் விருப்பப்படி வந்து நிற்கும்போது இதுவும் போதாது.

மாட்டினும் சிஞ்சும் ஆட்டுமயிரிலே தேடிய அமினோ அமிலங்கள் இருபதை அண்டியவை. அவ்வெண்ணிக்கைக்கு அவர்கள் வகுத்த தட்டு தக்கதாயிருந்தது. வராந்தாவின் மேசைமீது நசுங்கிய இலையோ, சில மணி நேரத்திலே, அவர்கள் நினையாத அளவு கூட்டத்தைப் படைத்துவிடுகிறது. கொழும்பு ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைஞர்கள் இன்றும் வாயிலிட்டே மதிப்பிடுகின்றனர். சாயத்தின் நிறமும் திண்மையும் பற்றி அவர்கள் கூறுவதில் தியாரூபிஜினுக்குப் பெரும் பங்குண்டு. ஆய்வுகூடங்களிலோ, றொபேட்ஸ் வகுத்த ஒளியுறிஞ்சல் முறையின் வழிவந்த அளவீட்டில், அவ்வாயிரங்கள் யாவும் ஒரே விழுக்காடாகவே பதிவேட்டில் எழுதப்பட்டு வருகின்றன.